பதினோராம் நாள் காலை

காலையில் ஆய்வகத்தைத் திறந்தேன். என் கணினியின் திரை கறுத்துக் கிடந்தது.

தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

பத்து நாட்களாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கணக்கு. இன்று மதியம் முடிந்திருக்கும். நாளை மறுநாள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கடைசி அத்தியாயம் முழுக்க இந்தக் கணக்கின் விடைதான்.

இடையிடையே சேமித்துக்கொள்ளும்படி நிரலை எழுதியிருக்கலாம். அரை நாள் வேலை. சோம்பலாக இருந்தது.

மின்சாரம் போனால் தாங்குவதற்குப் பேட்டரி வைத்திருந்தேன். காவலாளி அண்ணனைத் தாங்குவதற்கு எதுவும் வைக்கவில்லை.

இரவில் எந்தக் கருவியும் ஓடக் கூடாது என்பது சுற்றறிக்கை. அதைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆள் அவர்தான். போன வருடம் கீழ்த்தளத்தில் ஒரு குளிர்ப்பெட்டியை அணைத்து, ஒருவருடைய மூன்று மாத ஆராய்ச்சியை அழுகவைத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் ‘கும்மிருட்டு’.

அதனால் முதல் நாளே அவரிடம் போய்ச் சொன்னேன். நானாகப் போய் ஒருவரிடம் பேசுவது எனக்குப் பெரிய காரியம். மாடிப்படியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கணினிப் பெட்டியை மட்டும் தொடமாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தன் தலையில்.

ஒன்பது இரவுகள் சொன்னபடி நடந்துகொண்டார்.

கும்மிருட்டு கும்மிருட்டுதான் என்று நினைத்தபடி, ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

அறை அமைதியானது.

பெட்டிக்குள் சுழலும் விசிறியின் இரைச்சல் எனக்கு அவ்வளவு பழகியிருந்தது. நின்ற பிறகுதான், அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

விரலை எடுக்காமல் நின்றேன்.

வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய காவலாளி அண்ணன், சாப்பாட்டுப் பையுடன் வாசலில் தலையை நீட்டினார்.

“நேத்து புது உத்தரவு போட்டுட்டாங்கம்மா, திரைகூட எரியக் கூடாதாம். அதை மட்டும்தான் அணைச்சேன், பெட்டிப் பக்கமே போகல. ஓடுதுல்ல?”

அந்தக் குளிர்ப்பெட்டியை அணைத்த வருத்தம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

“ஓடுதுண்ணே,” என்றேன்.

அவர் சற்று நேரம் பெட்டியின் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றார்.

பிறகு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.