விறகு அடுக்கிய வீடு

மனைவி டார்லாவையும் பிள்ளைகளையும் கனடாவின் வடகோடியில் யூக்கானின் அத்துவானக் காட்டுக்குள் இரண்டு நாள் காரோட்டி, மூடிப்போன ஒரு சுரங்க ஊருக்குக் கூட்டி வந்திருந்தான் வென்டல். ஜூலைச் சுற்றுலாவுக்கு அவன் எடுத்துவைத்த கம்பளிக் கோட்டு எதற்கென்று டார்லா வழியெல்லாம் கிண்டலடித்தாள்.

காலி வீடுகளுக்கு நடுவே ஒன்று திறந்து கிடந்தது. டார்லா விடுவாளா? உள்ளே புகுந்து அலமாரி வரை குடைந்தாள்.

“கதவெல்லாம் கரடி கீறின தழும்பு! இங்க எந்தப் பைத்தியக்காரி குடித்தனம் பண்ணுவா?”

வென்டல் தொண்டையைச் செருமினான். “அடுப்பு நல்லாத்தான் இருக்கு.”

அப்போது மான்கறிச் சட்டியோடு, ஊரில் மிச்சமிருந்த பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

“வந்துட்டீங்களா! குளிருக்கு விறகு அடுக்கியாச்சும்மா. பழைய வீட்டை வித்தாச்சுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. சாமான் லாரி நாளைக்குத்தானே வருது?”

வெயிலிலும் டார்லாவுக்கு உடம்பு வெடவெடத்தது. வென்டல் ஓசைப்படாமல் காருக்குப் போய், கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.