பதினேழாம் எண்

“முடியாதும்மா. நான் மேடைக்குப் போக மாட்டேன். வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

வெயிலுக்குப் போட்ட முக்காட்டை மண்டபத்துக்குள் வந்த பிறகும் புஷ்பவல்லி எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசை, அதிலும் தூணுக்குப் பின்னால். அந்த இடத்தைத் தேடிப் பிடித்ததே அவள்தான்.

நல்லம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. அம்பாங்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி பிரிக்பீல்ட்ஸ் வந்தது இப்படித் திரும்பிப் போகவா?

“பரிசு வந்தா வாங்கிக்க வேண்டியதுதானே? அத்தனை வருஷம் கண்ணு எரிய எரியப் படிச்சது யாரு, நானா?”

“வந்துடுமோன்னுதாம்மா பயமா இருக்கு.”

மலாயாத் தமிழ் வாலிபர் சங்கத்தின் 1936ஆம் வருஷத்து ஆண்டு விழா அது. ‘நாம் ஏன் தலைநிமிர வேண்டும்’ என்று கட்டுரைப் போட்டி வைத்திருந்தார்கள். தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மகன், ஆள்கட்டும் கங்காணி மருமகன் என்று யாரும் சிபாரிசோடு வந்துவிடக் கூடாதல்லவா! ஜெயித்தவர் மேடையேறிக் கட்டுரையைப் படிக்க வேண்டும். சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலையும் அவருக்கே. மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் எல்லாம் இரண்டாவது ஆளுக்குப் போய்விடும்.

செயலாளர் சின்னையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நம் பிள்ளைகள் நாலெழுத்து இங்கிலீஷ் படித்ததும் தமிழ் பேசக் கூசுகிறார்கள். ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்து நான் அழுதுவிட்டேன். இது சொல்லிக் கொடுத்து வருவதில்லை ஐயா, பரம்பரை பரம்பரையாக ரத்தத்தில் ஊறி வருவது! முதல் பரிசு, பதினேழாம் எண்!”

மண்டபமே கைதட்டியது. நல்லம்மாள் மகளின் கையைப் பிடித்தாள்.

“என்ன சொன்னாருன்னு கேட்டியா? இதுக்கு மேல நான் எப்படிம்மா போய் அங்க நிக்கிறது?”

“ரோட்டுக்குத் தார் ஊத்துற ரெங்கசாமி மகள்னு சொல்லு. அதுல என்ன குறைச்சல்?”

“சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். பல்லு அவங்களுது.”

“பதினேழாம் எண்!” இரண்டாவது தடவை.

ஆளாளுக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு வாலிபன் தன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தான். இரண்டாம் பரிசுக்காரன் அவன்தான்போல. நல்லம்மாளுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்துபோனாள்.

“வேலை போகுதுடி! நம்ம குடும்பத்துல முதல்முதலா ஒரு வாத்தியாரம்மா! சரி, நீ போகலேன்னா போ. நான் போறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவ கையில தாளைக் குடுத்துப் படின்னு சொன்னா, அப்பத் தெரியும் சிரிப்புன்னா என்னன்னு.”

சொன்னதோடு நிற்காமல் எழுந்தும்விட்டாள். சொன்னதைச் செய்துவிடுகிற ஆள் அவள்.

“அய்யோ, உட்காரும்மா.”

“பதினேழாம் எண், கடைசித் தடவையாக...”

புஷ்பவல்லி விடுவிடுவென்று நடந்தாள். ஒரு கணம் நின்றால்கூடத் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். மேடைப் படியில் கால் வைத்ததும் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். முன் வரிசையில் தொடங்கி மண்டபம் அப்படியே அடங்கிப்போனது.

பதக்கமும் கையுமாக நின்ற சின்னையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, பாசாரில் சீனர் கடையில் பேசுகிற மலாயில், “அமோய், சாரி சியாப்பா?” என்று பரிவாகக் கேட்டார். யாரைத் தேடி வந்தாய் பெண்ணே என்று.

அம்பாங் ஈயச் சுரங்கத்துச் சீனர் ஒருவர், வீட்டில் இருக்கிற ஐந்து பெண்ணே போதும் என்று பத்து நாள் குழந்தையாக நல்லம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போன புஷ்பவல்லி, அவரைக் கும்பிட்டாள்.

“யாரையும் தேடலீங்கய்யா. பதினேழாம் எண் நான்தான். படிக்கட்டுங்களா?”