சீரான நாடி

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் வான்குதிப்பு கிளப்பில் சம்பளமில்லாத பைலட்டாகச் சேர, மிருதுளாவுக்கு அன்று கடைசித் தேர்வு. இன்ஜின் அணையும்வரை கையில் கட்டிய பட்டை அவள் நாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். படபடத்தால் பட்டை அலறும்; ஓட்டும் பொறுப்பை விமானமே பிடுங்கிக்கொள்ளும். தேர்வும் போய்விடும்.

முதலில் குதித்தவள் அவளுடைய மகள் யாழிசை.

“பாராசூட் விரியல!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

மிருதுளா திரும்பவில்லை. எதிரே இருந்த மேகத்தையே பார்த்தபடி, குதிக்காமல் மிஞ்சியிருந்த ஆறு பேரோடு விமானத்தைத் தரைக்கு இறக்கினாள்.

“பைலட் நாடி சீர்” என்ற விமானத்தின் அறிவிப்பு மைதானமெங்கும் கேட்டது.

மாற்றுப் பாராசூட் கடைசி நொடியில் விரிந்து பிழைத்த யாழிசை, முகமெல்லாம் மண்ணோடு ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள்.

“நான் செத்திருப்பேம்மா. உனக்குப் படபடக்கவே இல்லியா?”

“விழறது வேற யாரோன்னு நினைச்சுக்கிட்டேன்டி. இல்லன்னா என்னால ஓட்டியிருக்க முடியாது.”

யாழிசை ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“அவ்ளோ சுலபமா நினைக்க முடிஞ்சுதா?”

இன்ஜின் இன்னும் அணையவில்லை. மிருதுளாவின் கையிலிருந்த பட்டை அலறத் தொடங்கியது.