நுழைந்தும் திரும்பாத சாவி

அறையில் நான்கு பேர்: டாக்டரம்மா, பெரியவர், அவருடைய மருமகள், அவள் மடியில் நான்கு வயது மகள் சிட்டு. சன்னல் வெளிச்சம் மேசைமேல் கிடக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளில் விழுகிறது. முதுகு நாற்காலியில் படாமல் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் சட்டைப்பையில் சமையலறைச் சாவி கனக்கிறது. வீட்டில் தினமும் சாப்பிட்டு எழுந்ததுமே சிட்டு பசியென்று அழுகிறாள். அழுகை தெருவரை கேட்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. மருமகள் தலை நிமிர்வதில்லை. அடம் என்றுதான் பெரியவர் நினைத்திருந்தார்.

"போதும்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன் இவ ரத்தத்துல நெறையவே இருக்கு. அதை வாங்கிக்கிற ஏற்பிதான் பிறவியிலேயே சரியா அமையல. சாவி இருக்கு, பூட்டுலதான் கோளாறு," என்கிறார் டாக்டரம்மா.

பெரியவர் எழுந்து, தம் சாவியை மருந்து அலமாரிப் பூட்டில் நுழைக்கிறார். உள்ளே போகிறது. திருப்புகிறார், அசையவில்லை. குனிந்து, ஒற்றைக் கண்ணால் துவாரத்தைப் பார்க்கிறார்.

"மாமா, அது அவங்க அலமாரி."

"தெரியும்மா. நுழையுது, திரும்பல. இப்படித்தானா டாக்டர்?"

"ஏறக்குறைய இப்படித்தாங்க."

"அப்போ பிள்ளைக்குப் பொய்ப் பசி இல்ல."

"நெசப் பசிதான்."

சிட்டு கை நீட்டிச் சாவியை வாங்கி, ஓரத்தைக் கடித்துப் பார்க்கிறாள்.

மருமகள் சோற்றைப் பூட்டிவைத்துப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு. அது தவறு. பிள்ளை மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். பூட்டியது மாமனார்.