எதிர் வீட்டு லென்ஸ்

“பீரங்கி மாதிரி ஒண்ணை என் ரூமைப் பார்த்து நீட்டி வச்சிருக்கான்! தலையில தொப்பி, மூணு கால் ஸ்டாண்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு பார்த்துக்கிட்டே இருக்கான். வெட்கங்கெட்டவன்!”

மாமியார் கட்டிலில் படுத்தபடியே கத்தினாள். மாத்திரையும் தண்ணீருமாக நின்ற மருமகளுக்குச் சுருக்கென்றது.

குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மாமியாருக்கு உலகம் என்றால் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும், ஜன்னல் வழியே தெரியும் ஒரு முழம் வானமும்தான்.

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருஷ வேலை. இந்த மூன்று மாதமாகக் காலை நேரம் மட்டும் போய்வந்து சமாளித்தாள். ‘இனி முழு நேரம் வா, இல்லையென்றால் எழுதிக் கொடு’ என்று சொல்லிவிட்டார்கள். “அம்மாவை விட வேலையா பெரிசு?” என்று கணவனும் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

ராஜினாமாக் கடிதம் கைப்பையில் இருந்தது. இன்று கொடுத்தாக வேண்டும். அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் இருந்தவளுக்கு இதோ, ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

“நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன் அத்தை.”

“அவன்கிட்ட என்ன பேச்சு? கேமராவைப் பிடுங்கி, உள்ள இருக்கிறதையெல்லாம் அழிச்சுட்டு வா!”

தெருவைத் தாண்டி எதிர்க் கட்டிடத்துக்குள் நுழைந்தாள். அவர்கள் வீட்டைவிட ஒரு மாடி கீழே இருந்தது அந்த பால்கனி. கதவைத் திறந்தவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். தலையில் அதே தொப்பி.

“வயசுக்கு ஏத்த வேலையா இது? அடுத்தவங்க ஜன்னல்ல என்னய்யா வேடிக்கை?”

“ஜன்னலா! ஐயோ, நான் பார்க்கிறது உங்க ஜன்னலுக்கு வெளியில இருக்கிற ஏசி பெட்டியைம்மா.”

“ஏசி பெட்டியில என்ன, மானும் மயிலுமா மேயுது?”

“வல்லூறும்மா. தினம் காலையில பத்து மணிக்கு வந்து உட்காருது.” அவர் தொப்பியைக் கழற்றினார். “நான் ரயில் டிரைவரா இருந்தவன். முப்பது வருஷம் காட்டு வழியா வண்டி ஓட்டினேன். யானை என்ன, மான் என்ன, எல்லாம் கண்ணு முன்னாடி ஓடிச்சு. நிறுத்திப் பார்க்க முடிஞ்சுதா? அதான் இப்ப படம் எடுக்கக் கத்துக்கலாம்னு...”

“கத்துக்க எங்க வீடுதான் கிடைச்சுதா? ஏரிக்கரை பக்கம் போக வேண்டியதுதானே?”

“ஏரிக்கு நடுவுல இருக்கிற மரத்துக்கு எட்டணும்னா அறுநூறு எம்.எம். லென்ஸ் வேணும். அந்த விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிடலாம். ஏழு கடை ஏறி இறங்கினேன். ‘புதுசா கத்துக்கிறவருக்கு எதுக்கு சார் அவ்வளவு? பழைய முந்நூறு ஒண்ணு இருக்கு. முதல்ல வீட்டுப் பக்கம் வர்றதை எடுத்துப் பழகுங்க’ன்னு ஒருத்தன் சொன்னான். இது எட்டுறதே உங்க ஏசி பெட்டி வரைக்கும்தான்!”

“கதையெல்லாம் போலீஸ்ல சொல்லுங்க. எடுத்த படத்தைக் காட்டுங்க, பார்ப்போம்.”

அவர் தயங்காமல் கேமராவைக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

வெறும் ஏசி பெட்டி. மறுபடி வெறும் ஏசி பெட்டி. ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஏதோ இறக்கையின் நுனி போலக் கலங்கலாக ஒரு கோடு. நாற்பது படம் தள்ளியும் ஒரு பறவையைக் காணோம்.

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “எங்கய்யா உன் வல்லூறு? வீட்டுப் பொம்பளைங்களை நோட்டம் விடத்தானே இந்த நாடகம்? வா, தெருவைக் கூட்டி நியாயம் கேட்கிறேன்!”

இப்போது பெரியவரின் முகமும் சிவந்தது. “தாராளமா கூட்டுங்க! இருபது நாளா ஒரு படம் கிடைக்காத வயித்தெரிச்சல்ல நான் இருக்கேன். பார்க்கப்போனா நான்தான் உங்க வீடு ஏறி வந்து சண்டை போட்டிருக்கணும்!”

“எதுக்கு? வாங்கின லென்ஸ் மட்டமா இருந்தா கடைக்காரன் சட்டையைப் பிடிங்க. எங்களை ஏன் சொல்றீங்க?”

“லென்ஸ் மேல ஒரு குத்தமும் இல்லம்மா. பறவை வந்து உட்கார்ந்ததும், அந்த ரூம்ல இருக்கிற வயசான அம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து விரட்டிடுறாங்க!”