தானாக ஓடாத கார்

முழங்கால் வலி கிளட்சை மிதிக்க விடாததால், மாதா கோயில் பூசைக்கு மட்டும் எடுத்துவந்த பழைய காரைத் துடைத்து, ‘விற்பனைக்கு’ என்று அட்டை மாட்டியிருந்தார் தேவசகாயம். பார்க்க வந்த ரேணுகா எஞ்சினைப் பார்க்கவே இல்லை.

“இது எங்க போகுதுன்னு யாருக்காவது சொல்லுமா அங்கிள்?”

“அதுக்கு வாயே கிடையாது மக்களே,” என்றார், மகளிடம் பேசுவதுபோல.

அவள் வந்திறங்கிய, ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் கார் தெருவிலிருந்து குரல் கொடுத்தது. “மேடம், சார் உங்களை வீட்டுக்கு வரச் சொல்கிறார். ஏறுங்கள்.”

ரேணுகா குரலைத் தாழ்த்தினாள். “கடைக்குன்னு சொன்னதால இவ்வளவு தூரம் விட்டுச்சு. அக்கா இருக்குற வள்ளியூருக்குன்னு சொன்னா, வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோயிரும். என் வீட்டுக்காரர் வந்து அடிச்சு இறக்குற வரைக்கும் கதவு திறக்காது.”

வளையல்களைக் கழற்றி அவர் கையில் திணித்தாள். பழைய காரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“வள்ளியூர் போ.”

கார் அசையவில்லை.

“போயேன்!” அழுகை வெடித்தது. முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“மேடம், சார் வீட்டிலிருந்து இங்கே கிளம்பிவிட்டார்,” என்றது தெருவில் நின்ற கார்.

தேவசகாயம் சிலுவை போட்டுக்கொண்டார். அட்டையைக் கழற்றினார். முன்சீட்டில் ஏறி, வளையல்களை அவள் மடியில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்தபடி கிளட்சை மிதித்தார்.

“வள்ளியூர்ல எந்தத் தெரு மக்களே?”