எதிரில் உட்கார்ந்தவன்

"பப்பா, ஜெபமாலைக்கு வரப் போறீங்களா, இல்லையா?"

"ஆரம்பிங்க."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

கைத்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செல்போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்தார். வெளியே குர்தோரிம் கிராமம் மழையில் ஊறிக் கிடந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டிருந்த பக்கத்து வீட்டு பியேதாத் ஆன்ட்டி, திரும்பாமலே சொன்னாள்.

"விடு ஜோவிதா. உங்க பப்பா இப்போ கும்பிடறது இஸ்பேட் ராணியை."

"ஆன்ட்டி, ப்ளீஸ்."

"எங்க வீட்டுக்காரர் சொத்தை ஃபெனிச் சாராயமா குடிச்சுத் தீர்த்தார். அதாச்சும் வயித்துக்குள்ள போச்சு. இது எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

ஜோவிதாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜெபத்தில் மனசு ஓடவில்லை.

அப்பா எப்பேர்ப்பட்ட மனிதர்! கப்பலில் சமையல்காரராகக் காலம் தள்ளியவர். ஒரு நாள்கூட சீட்டைத் தொட்டதில்லை. மகன் ரெமிஜியோ போனில் பணம் கட்டிப் போக்கர் சீட்டாடுகிறான் என்று தெரிந்ததும், அவன் பெட்டியைத் தூக்கி மழையில் வீசினார். "சூதாடிக்கு இந்த வீட்ல சோறு கிடையாது" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

போனவன் போனவன்தான். நம்பரையும் மாற்றிக்கொண்டான். அம்மா இறந்தபோது சொல்லியனுப்ப வழியில்லை.

இப்போது அதே மனிதர், அதே போக்கர். பென்ஷன் வந்த வேகத்தில் போகிறது. கண்புரை ஆபரேஷனுக்கு ஜோவிதா கொடுத்த பணமும் அதில்தான் போனது.

ஆன்ட்டி குடையை விரித்துக்கொண்டு கிளம்பியதும், ஜோவிதா அப்பா எதிரில் வந்து நின்றாள்.

"வெட்கமா இல்லையா பப்பா?"

"இரு. என் முறை."

"இதே ஆட்டத்துக்காகத்தானே பெத்த புள்ளைய வெளிய தள்ளினீங்க?"

"ம்."

"வெறும் 'ம்'தானா? ஒரு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கீங்களே, ஏதாவது கத்துக்கிட்டீங்களா?"

"நிறைய." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோபத்தோட ஆடக்கூடாது. விட்டதைப் பிடிக்கிறேன்னு உட்காரக்கூடாது. சீட்டு மட்டமா வந்தா மரியாதையா கீழே வச்சிடணும்."

"அடேயப்பா! பாதிரியார் பிரசங்கம் தோத்துது. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏன் தினம் தோக்கறார்?"

கைத்தான் போனை இன்னும் கிட்டே இழுத்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் சீட்டு தெரியும். தம்பி ரெமிஜியோ கற்றுக்கொடுத்திருக்கிறான்.

திரையில் தெரிந்த மேஜையில் இரண்டே பேர். அப்பா கையில் இரண்டு ஏஸ். நடுவில் விரித்த சீட்டில் இன்னொன்று. மூன்று ஏஸ்! பந்தயத்தில் குவிந்திருந்ததில் பாதி இவர் போட்டது. எதிராளி இன்னும் கொஞ்சம் ஏற்றினான். இவரும் அவ்வளவைப் போட்டால் போதும், அத்தனையும் வாரிக்கொண்டு வரலாம்.

கைத்தான் சீட்டைக் கவிழ்த்தார். மொத்தமும் எதிராளி பக்கம் சரிந்தது.

"பப்பா! கண்ணு தெரியலையா? மூணு ஏஸ்!"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சேவா கீழே வச்சீங்க?"

போனைப் பிடுங்கிவிட்டாள்.

"குடும்மா. நேரம் ஓடுது. ஆடலைன்னா மேஜையை விட்டு எழுப்பி விட்டுடும்."

"எழுப்பட்டும்! இதை இப்பவே கிணத்துல போடறேன். அப்புறம் நிம்மதியா ஜெபம் பண்ணலாம்."

விடுவிடுவென்று கிணற்றடிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே அவர் வந்தார். வந்த அவசரத்தில் நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது.

அந்த மனிதர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. மனைவியைக் குழிக்குள் இறக்கியபோதுகூட நிமிர்ந்து நின்றவர். இப்போது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மழையில் நின்றார்.

"போட்டுடாதே ஜோவிதா. முதல்ல எதிர்ல உட்கார்ந்திருக்கிறது யாருன்னு பாரு."

பார்த்தாள்.

ஏதோ ஒரு பொய்ப் பெயர். ஆளின் படம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு நாய். கறுப்பு. இடது காது மடிந்தது.

இந்த வீட்டு நாய். செத்து ரொம்ப காலமாகிறது. குட்டியாக வந்த நாளிலிருந்து தம்பியின் கட்டிலில்தான் தூங்கும்.

"ரெமிஜியோவா?"

"ம். தினம் இந்த நேரத்துக்கு வருவான். மேஜை மேஜையா தேடித்தான் கண்டுபிடிச்சேன்."

"நீங்கதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உட்காருவானா?"

ஜோவிதா திரையைப் பார்த்தாள். போனில் இன்னும் சில நொடிகள்தான் பாக்கி. அவசரமாக அதை அவர் கையில் வைத்து, அவரை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். அவள் போட்டிருந்தது முந்தானை இல்லாத கவுன். கையாலேயே அவர் தலையைத் துடைத்தாள்.

"ஆடுங்க பப்பா. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா நல்ல சீட்டு வந்தாலும் ஏன் தோக்கணும்? ஜெயிச்சுக்கிட்டே அவனைப் பாத்துக்கிட்டு இருக்கலாமே?"

கைத்தான் ஈரச் சட்டையிலேயே திரையைத் துடைத்தார்.

"கெட்டிக்காரன், தோக்கிறவன் இருக்கிற மேஜையிலதான் உட்காருவான். நான் ஜெயிச்சா எழுந்து போயிடுவான்மா."